கொட்டும் மழை, எதிர்க்காற்று, பக்கத்தில் ஒருவர்!

மாரத்தான் தனிநபர் விளையாட்டு என்றுதான் பெயர். குளிரும் மழையும் காற்றும் கைகோத்துக்கொண்டு வரும் நாளில் அந்தக் கணக்கு மாறிவிடுகிறது. பாஸ்டன் நகரச் சாலையிலிருந்து லடாக்கின் உறைந்த ஏரி வரை, கூட ஓடியவர்கள் என்ன செய்தார்கள் என்று சொல்லும் சிறப்புக் கட்டுரை.

1967 ஏப்ரல் 19, புதன்கிழமை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹாப்கின்டன் என்ற சிற்றூர். நண்பகலில் பாஸ்டன் மாரத்தான் தொடங்கவேண்டும். வசந்தம் பிறந்துவிட்டதாக நாட்காட்டி சொன்னது, வானம் ஒப்புக்கொள்ளவில்லை. பனியும் மழையும் கலந்து வாடைக்காற்றோடு முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

சைராக்யூஸ் பல்கலைக்கழகத்திலிருந்து நான்கு பேர் ஒன்றாக வந்திருந்தார்கள். ஆர்னி பிரிக்ஸ், 50 வயது, பல்கலைக்கழக வளாகத்தில் தபால் பட்டுவாடா செய்பவர், பாஸ்டனில் பலமுறை ஓடிய பழைய கை. டாம் மில்லர், சங்கிலிக் குண்டு எறியும் வீரர், நூறு கிலோவைத் தாண்டிய உடம்பு. ஜான் லியோனார்ட், கிராஸ் கன்ட்ரி ஓட்டக்காரர். நான்காவது ஆள் கேத்ரின் ஸ்விட்சர், 20 வயது மாணவி. அதுவரை எந்தப் பெண்ணும் பாஸ்டன் மாரத்தானில் எண் அட்டை அணிந்து ஓடியதில்லை. முந்தைய ஆண்டு பாபி கிப் என்ற பெண் முழுத் தூரமும் ஓடி முடித்திருந்தார்; ஆனால் பதிவு செய்யாமல், எண் இல்லாமல். ஸ்விட்சர் 'கே.வி. ஸ்விட்சர்' என்று கையெழுத்திட்டு விண்ணப்பித்திருந்தார். கிடைத்த எண் 261.

அன்றைக்கு அவர் அழகான பந்தய உடை ஒன்றைத் தயார் செய்து வைத்திருந்தார். குளிர் அந்த ஆசையில் மண்ணைப் போட்டது. தொளதொளப்பான சாம்பல் நிற ஸ்வெட்ஷர்ட்டைக் கழற்ற முடியவில்லை. ஆண்களும் அப்படித்தான் போர்த்திக்கொண்டு நின்றார்கள். அதனால் யார் ஆண், யார் பெண் என்று வாசலில் நின்ற நிர்வாகிகளுக்குச் சட்டென்று தெரியவில்லை. கெட்ட வானிலை முதலில் அவருக்குச் செய்தது உபகாரம்தான்.

ஓட்டம் தொடங்கி இரண்டு மைல்கூடப் போயிருக்காது. பத்திரிகையாளர்களை ஏற்றிய வண்டி பக்கத்தில் வந்தது. சாலையில் குறுக்கே நின்ற ஒரு நிர்வாகி அவர் கையைப் பிடிக்கப் பார்த்தார். கையுறை மட்டும் கழன்று போனது. அடுத்து ஜாக் செம்பிள் என்ற நிர்வாகி பின்னாலிருந்து ஓடிவந்து அவரைப் பிடித்து, எண் அட்டையைக் கிழித்தெடுக்க முயன்றார். ஆர்னி குறுக்கே புகுந்து தடுத்தார், அது போதவில்லை. டாம் மில்லர் தோளால் ஒரே இடி இடித்தார். செம்பிள் சாலையோரம் போய் விழுந்தார். அந்தக் காட்சியின் புகைப்படங்கள் மறுநாள் உலகமெங்கும் போயின.

எல்லோருக்கும் தெரிந்தது அந்தப் புகைப்படம். அதற்குப் பிறகு இன்னும் நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரம் பாக்கி இருந்தது. வெறுங்கையில் பனிமழை. அவமானம், ஆத்திரம், பயம். டாம் கோபித்துக்கொண்டு முன்னால் ஓடிவிட்டார். ஆர்னியும் ஜானும் வேகத்தைக் குறைத்து ஸ்விட்சர் பக்கத்திலேயே ஓடினார்கள். ஓட்டக் களத்தில் பாதித் தூரத்துக்குப் பிறகு கோபம் யாருக்கும் நிலைப்பதில்லை. காலடியைக் கவனிக்கவே நேரம் சரியாக இருக்கும். முன்னால் பாய்ந்துபோன டாம் பிற்பாடு நடந்துகொண்டிருந்தார், மற்றவர்கள் அவரைக் கடந்து போனார்கள். ஸ்விட்சர் சுமார் 4 மணி 20 நிமிடத்தில் முடித்தார். பாஸ்டனில் பெண்கள் முறைப்படி அனுமதிக்கப்பட்டது 1972-ல். பெண்களுக்கான மாரத்தான் ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1984-ல். எழுபது வயதில், 2017-ல், அதே 261 எண்ணோடு அவர் பாஸ்டனில் மறுபடி ஓடி முடித்தார்.

இந்தக் கதை பெண்ணுரிமை வரலாற்றில் இடம் பிடித்துவிட்டது, நியாயம்தான். ஓட்டக்காரர்கள் கவனிக்கவேண்டிய இன்னொரு கதையும் இதற்குள் இருக்கிறது. அது ஏப்ரலில் நடந்ததல்ல, அதற்கு முந்தைய குளிர்காலத்தில் நடந்தது.

குளிர்காலம் முழுக்க ஒரே வேலை

அமெரிக்காவில் பனி அதிகம் கொட்டும் நகரங்களில் சைராக்யூஸும் ஒன்று. அங்கே பெண்களுக்குக் கிராஸ் கன்ட்ரி அணி இல்லாததால் ஸ்விட்சர் ஆண்களோடு பயிற்சிக்கு வந்தார். வேகத்தில் பின்தங்கிய அவருக்கு ஆர்னி துணையாக ஓடினார். இருட்டிலும் பனியிலும் ஓடும்போது பொழுதுபோக ஆர்னி சொன்னதெல்லாம் பாஸ்டன் கதைகள். டிசம்பர் மாதத்துப் பனிப்புயல் இரவு ஒன்றில் ஸ்விட்சர் பொறுமை இழந்தார்: கதை போதும், ஓடிப் பார்க்கலாம் என்றார். பெண்ணால் முடியாது என்றார் ஆர்னி. வாக்குவாதம் முற்றி, பயிற்சியில் முழுத் தூரமும் ஓடிக் காட்டினால் தானே அழைத்துப் போவதாக ஒப்புக்கொண்டார்.

ஓடிக் காட்டினார். 42 கிலோமீட்டர் முடிந்ததும் இன்னும் கொஞ்சம் போகலாம் என்று ஸ்விட்சர் இழுக்க, இருவரும் சேர்ந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் ஓடினார்கள். முடிவில் மயங்கி விழுந்தவர் ஆர்னி. பிறகு, முறைப்படி விண்ணப்பித்து ஓடவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவரும் அவர்தான்.

ஹாப்கின்டனில் பனிமழை அடித்தபோது ஸ்விட்சரும் ஆர்னியும் கலங்காமல் நின்றதற்குக் காரணம் இந்தக் குளிர்காலம்தான். ஒருவருடைய நடை தளர்ந்தால் எப்படி இருக்கும், மூச்சு வாங்கினால் எப்படி இருக்கும், எந்தக் கட்டத்தில் பேச்சு நின்றுபோகும் என்பது மற்றவருக்குத் தெரியும். குளிரில் இந்தத் தெரிதலுக்கு உயிரின் மதிப்பு உண்டு. ஏன் என்று பார்க்க, உடம்புக்குள் கொஞ்சம் போகவேண்டும்.

மைனஸ் 17-ஐவிடக் கொடியது எது?

ஓடும்போது நாம் செலவழிக்கும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. சுமாராக நான்கில் மூன்று பங்கு. ஆகவே, உலர்ந்த கடுங்குளிரில் சரியான உடையோடு ஓடுபவருக்குப் பெரிய தொல்லை இல்லை. ஜப்பானின் யூகி கவாவுச்சி 2018 ஜனவரி 1 அன்று மாசசூசெட்ஸின் மார்ஷ்ஃபீல்டில் ஒரு சின்ன மாரத்தானில் ஓடினார். வெப்பநிலை சுமார் மைனஸ் 17 டிகிரி செல்சியஸ். முழுத் தூரத்தையும் முடித்தவர் அவர் ஒருவர்தான். அதுவும் 2 மணி 18 நிமிடம் 59 வினாடியில்!

மழை சேர்ந்தால் நிலைமை தலைகீழ். நீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நனைந்த உடை உடம்பைக் காப்பதை விட்டுவிட்டு உடம்பிலிருந்து வெப்பத்தை உறிஞ்சத் தொடங்கும். தோலை ஒட்டியிருக்கும் வெதுவெதுப்பான காற்றுப் படலத்தை எதிர்க்காற்று வாரிக்கொண்டு போகும். அதனால், உறைநிலைக்கு மேலே 3 டிகிரி, 5 டிகிரியில் பெய்கிற மழை, உறைநிலைக்குக் கீழே 10 டிகிரியில் விழும் உலர்ந்த பனியைவிட ஓட்டக்காரர்களை அதிகம் வீழ்த்துகிறது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. களைப்பால் வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் உடம்பு உண்டாக்கும் வெப்பம் குறைகிறது. வெப்பம் குறைந்தால் தசை விறைத்து வேகம் மேலும் குறைகிறது. நடக்க ஆரம்பித்த சில நிமிடங்களில் நடுக்கம் தொடங்கும். உடம்பின் உள்வெப்பம் 37 டிகிரியிலிருந்து 35-க்குக் கீழே இறங்கினால் அதை ஹைப்போதெர்மியா என்கிறார்கள் மருத்துவர்கள். விரல்கள் பொத்தானைப் போட மறுக்கும். கால் தடுமாறும். வார்த்தை குழறும். காரணமில்லாமல் எரிச்சல் வரும். இன்னும் இறங்கினால் நடுக்கமே நின்றுவிடும். அது குணமானதன் அறிகுறி இல்லை, அபாயத்தின் அறிகுறி.

இதில் மிக மோசமானது, இவ்வளவும் நடக்கும்போது சம்பந்தப்பட்டவருக்கு அது தெரியாது என்பதுதான். குளிர் முதலில் தீண்டும் உறுப்புகளில் மூளையும் ஒன்று. "எனக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்று அவர் சொல்வார். அதை அவர் நம்பவும் நம்புவார். அவருடைய நிலைமையை அவருக்குச் சொல்லக்கூடியவர் பக்கத்தில் ஓடுபவர் மட்டுமே. மழைக்கோட்டைப் போல, கையுறையைப் போல, கூட்டாளியும் அன்று ஒரு பாதுகாப்புச் சாதனம்.

ஒரே விஞ்ஞானி, இரண்டு கண்டுபிடிப்புகள்

குளிரும் துணையும் ஓட்டக்காரருக்கு என்ன செய்கின்றன என்ற இரு கேள்விகளையும் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனவர் ஒருவரே: பிரிட்டனின் உடலியல் விஞ்ஞானி கிரிஃபித் பியூ. 1953-ல் எவரெஸ்ட் உச்சியை முதலில் தொட்ட பயணத்தில் கூடச் சென்றவர். ஏறுபவர்கள் எவ்வளவு நீர் குடிக்கவேண்டும், ஆக்ஸிஜனை எப்படிப் பயன்படுத்தவேண்டும் என்றெல்லாம் கணக்குப் போட்டுக் கொடுத்தவர்.

1964 மார்ச் 14, 15 தேதிகளில் இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் குன்றுகளில் 'ஃபோர் இன்ஸ்' நெடுநடைப் போட்டி நடந்தது. சாரணர் இளைஞர்கள் சிறு குழுக்களாகச் சேர்ந்து 70 கிலோமீட்டருக்கு மேல் கடக்கவேண்டும். மழையும் காற்றும் பிடித்துக்கொண்டன. பெரும்பாலானோர் பாதியில் விலகினார்கள். மூன்று இளைஞர்கள் குளிரில் இறந்துபோனார்கள். அங்கே உறைபனிகூட இல்லை. பியூ இந்த மரணங்களை ஆராய்ந்தார். அவர்கள் அணிந்திருந்ததைப் போன்ற உடைகளை நனைத்து, காற்றில் வைத்துச் சோதித்தார். நனைந்து காற்றில் அகப்பட்ட துணி தன் காப்புத் திறனில் பெரும்பகுதியை இழக்கிறது. உடம்பு களைத்த நேரத்தில் அதை ஈடுகட்டத் தேவையான வெப்பத்தை உண்டாக்க முடிவதில்லை. உடற்தகுதி உள்ள இளைஞர்கள்கூட உறைநிலைக்கு மேலான குளிரில் சாகலாம் என்பதை அந்த ஆய்வு புரியவைத்தது.

அதே பியூ 1971-ல் இன்னொரு கட்டுரை வெளியிட்டார். ஓடுபவர் காற்றைக் கிழித்துச் செல்ல எவ்வளவு ஆற்றலைச் செலவிடுகிறார் என்பது கேள்வி. நடுத்தூர ஓட்ட வேகத்தில், முன்னால் ஒருவர் ஓட, அவருக்கு ஒரு மீட்டர் பின்னால் ஓடினால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய மறைந்தே போகிறது. ஆக்ஸிஜன் செலவு 6.5 சதவீதம் குறைகிறது என்று அவர் அளந்து சொன்னார். வியன்னாவில் 2019 அக்டோபரில் எலியுட் கிப்சோகே 1 மணி 59 நிமிடம் 40 வினாடியில் மாரத்தான் தூரத்தை ஓடியபோது, அணிவகுத்து அவரைச் சூழ்ந்து ஓடிய வேகத்துணைவர்கள் செய்ததும் இதைத்தான்.

நம்மைப் போன்ற சாதாரண ஓட்டக்காரர்களின் வேகத்தில் இந்த லாபம் அற்பம். எதிர்க்காற்று வந்தால் கதை மாறும். காற்றின் எதிர்ப்பு, வேகத்தின் இருமடியாக ஏறும். மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ஒருவர் மீது 24 கிலோமீட்டர் வேக எதிர்க்காற்று வீசினால், அவர் உடம்பில் மோதும் காற்றின் வேகம் 36. மூன்று மடங்கு வேகம், ஒன்பது மடங்கு எதிர்ப்பு. அன்றைக்கு முன்னால் ஓடும் நண்பரின் முதுகு ஒரு நகரும் சுவர். ஐந்து பேர் முறைவைத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் சில நிமிடம் முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொண்டால், ஐந்தில் நான்கு பங்கு நேரம் ஒவ்வொருவருக்கும் மறைப்பு கிடைக்கும். சைக்கிள் பந்தயக்காரர்கள் காலங்காலமாகச் செய்வது இது. காற்றை மறைக்கும் முதுகு குளிரையும் மறைக்கிறது என்பது கூடுதல் லாபம்.

2018: மறுபடியும் அதே சாலை

ஸ்விட்சர் முதலில் ஓடி 51 ஆண்டுகள் கழித்து, 2018 ஏப்ரல் 16 அன்று, பாஸ்டன் மாரத்தான் இன்னொரு கொடிய நாளைச் சந்தித்தது. தொடக்கத்தில் சுமார் 3 டிகிரி. விடாத மழை. ஹாப்கின்டனிலிருந்து பாஸ்டன் வரை பாதை மேற்கிலிருந்து கிழக்காகப் போகும். அன்றைய காற்று கிழக்கிலிருந்து வந்தது. அதாவது முழுத் தூரமும் எதிர்க்காற்று. காத்திருக்கும் திடல் சேறாகிக் கிடந்தது. குப்பைப் பைகளில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு, குளியல் தொப்பி அணிந்து, காலணிமேல் பிளாஸ்டிக் பை கட்டி நின்றார்கள்.

பெண்கள் பிரிவில் அமெரிக்காவின் டெஸ் லிண்டன் ஓடினார். 2011-ல் இதே பாஸ்டனில் இரண்டே வினாடியில் முதலிடத்தைத் தவறவிட்டவர். அன்றைக்கு ஆரம்ப மைல்களிலேயே அவருக்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை. விலகிவிடலாம் என்று தோன்றியது. பக்கத்தில் ஷலேன் ஃபிளானகன் ஓடிக்கொண்டிருந்தார். 2017 நவம்பரில் நியூயார்க் மாரத்தானில் வென்று, 40 ஆண்டுகளில் அங்கே வென்ற முதல் அமெரிக்கப் பெண் என்று பெயரெடுத்தவர். லிண்டன் அவரிடம், தான் விலகிவிடக்கூடும் என்றும், அதற்குமுன் காற்றை மறைப்பதற்கோ வேறெதற்கோ தன் உதவி தேவைப்பட்டால் சொல்லும்படியும் சொல்லிவைத்தார்.

பாதித் தூரத்தை நெருங்கும்போது ஃபிளானகன் கழிப்பறைக்கு ஒதுங்கவேண்டி வந்தது. பந்தயத்தின் முன்னணியில் இருப்பவர்கள் யாருக்காகவும் நிற்பதில்லை. லிண்டன் வேகத்தைக் குறைத்தார். ஃபிளானகன் வெளியே வந்ததும் அவரோடு சேர்ந்து ஓடி, முன்னால் போய்விட்ட கூட்டத்தை எட்டிப் பிடிக்க உதவினார். சக அமெரிக்க வீராங்கனை மாலி ஹடிலும் முன்னணிக் கூட்டத்தோடு சேர அவர் துணை நின்றார். இப்படி அடுத்தவருக்கு உழைத்துக்கொண்டே போனவர் திரும்பிப் பார்க்கும்போது, தானே முன்னணியில் இருந்தார். விலகும் எண்ணம் எங்கோ போய்விட்டது. கடைசிக் கட்டத்தில், முன்னால் தனியாகப் பிரிந்து ஓடிக்கொண்டிருந்த எத்தியோப்பியாவின் மமிது தஸ்காவை எட்டிக் கடந்தார். 2 மணி 39 நிமிடம் 54 வினாடியில் வெற்றி. பாஸ்டனில் அமெரிக்கப் பெண் ஒருவர் வென்று 33 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே சமயம், 1978-க்குப் பிறகு பெண்கள் பிரிவில் வென்றவர் எடுத்துக்கொண்ட மிக அதிக நேரமும் அதுதான்.

தன்னைப் பற்றியே யோசித்துக்கொண்டு ஓடியிருந்தால் லிண்டன் விலகியிருப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் மோசமான வானிலையில் உடம்பு சொல்லும் புகார்களையே கேட்டுக்கொண்டிருப்பவர் சீக்கிரம் நிறுத்திவிடுகிறார் என்பது நெடுந்தூர ஓட்டக்காரர்கள் அனைவரும் அறிந்தது. அடுத்தவருக்கு ஒரு வேலை செய்யவேண்டியிருந்தால், கவனம் தன் குளிரிலிருந்து நகர்கிறது.

இரண்டாவதாக வந்தவர் சாரா செல்லர்ஸ், அரிசோனாவில் மயக்க மருந்துத் துறையில் முழுநேரச் செவிலியர். பந்தய உலகில் யாரும் அறியாதவர். உடன்பிறந்தவர் பாஸ்டனில் ஓடுகிறார் என்பதால் தானும் பெயர் கொடுத்தவர்! ஆண்கள் பிரிவில் வென்றவர், மார்ஷ்ஃபீல்டின் உறைகுளிரில் ஒற்றையாய் ஓடி முடித்த அதே கவாவுச்சி. அவரும் தொழில்முறை ஓட்டக்காரர் அல்ல. சைதாமா மாகாணப் பள்ளி ஒன்றில் அலுவலகப் பணி பார்த்தவர். அன்று தொழில்முறை முன்னணியினரில் இருபதுக்கும் மேற்பட்டோர் பாதியில் விலகினார்கள். 2,500-க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களுக்கு மருத்துவ உதவி தேவைப்பட்டது. மெலிந்த உடம்பும் மெல்லிய உடையும் வேகத்துக்கு நல்லவை. குளிர் மழைக்கு அல்ல.

மலைமேல் இரண்டு பாடங்கள்

நகரச் சாலையில் ஒவ்வொரு மைலிலும் தன்னார்வலர்கள், மருத்துவக் கூடாரங்கள், போர்வைகள் உண்டு. மலைப்பாதையில் அவை இல்லை.

2021 மே 22 அன்று சீனாவின் கன்சு மாகாணத்தில், பாய்யின் நகருக்கு அருகே மஞ்சள் ஆற்றுக் கல்வனப் பகுதியில் 100 கிலோமீட்டர் ஓட்டம் நடந்தது. 172 பேர் ஓடினார்கள். நண்பகலில், மலையேற்றப் பகுதியில் இருந்தபோது, கடுங்காற்றும் உறைமழையும் திடீரெனத் தாக்கின. பலர் அரைக்கால்சட்டையிலும் மெல்லிய சட்டையிலும் இருந்தார்கள். காற்றுத் தடுப்பு மேலங்கி கட்டாயப் பொருள்கள் பட்டியலில் இல்லை. 21 பேர் இறந்தார்கள். சீனாவின் மிகச் சிறந்த நெடுந்தூர ஓட்டக்காரர்களில் ஒருவரான லியாங் ஜிங்கும் அவர்களில் ஒருவர். முன்னணியில் ஓடுபவர்கள் எப்போதும் ஒருவரை விட்டு ஒருவர் விலகி ஓடுபவர்கள். திறமை கூடக் கூடத் தனிமையும் கூடுகிறது. அன்று ஆறு பேரைக் காப்பாற்றியவர் சூ கமிங் என்ற ஆட்டிடையர். ஒரு குகையில் தீ மூட்டி, விழுந்து கிடந்தவர்களை அங்கே கொண்டுசேர்த்தார்.

இதற்கு நேர்மாறான கதை ஒன்று இங்கிலாந்தில் உண்டு. 1968-ல் ஜெரி சார்ன்லி என்ற மலை ஓட்டக்காரர் இரண்டு நாள் மலை மாரத்தான் ஒன்றைத் தொடங்கினார். வேண்டுமென்றே அக்டோபர் இறுதியில், வானிலை கெடும் பருவத்தில். யாரும் தனியாகப் போகக் கூடாது. இரண்டு பேர் ஒரு அணி. கூடாரம், உறங்கும் பை, உணவு, மழை உடை எல்லாவற்றையும் அந்த இருவரே சுமக்கவேண்டும். 2008 அக்டோபரில் ஏரி மாவட்டத்தின் பாரோடேல் பள்ளத்தாக்கில் அந்தப் போட்டி புயல்மழையில் சிக்கிப் பாதியில் நிறுத்தப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் காணவில்லை என்று தொலைக்காட்சிகள் அலறின. மறுநாள் அவர்களில் பெரும்பாலானோர் இரண்டிரண்டு பேராகத் தாங்களே இறங்கி வந்தார்கள். ஓர் உயிரும் போகவில்லை. இரவைக் கடக்கத் தேவையான பொருள் முதுகில் இருந்தது. அதைப் பயன்படுத்தும் நேரம் வந்துவிட்டது என்று சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்தார்.

சேர்ந்து ஓடுவதில் ஓர் ஆபத்து

அப்படியானால் கூட்டமாகப் போனால் போதுமா? போதாது. 1964-ல் ஃபோர் இன்ஸ் போட்டியில் இறந்த இளைஞர்களும் குழுவாகத்தான் போனார்கள். துணை இருந்தும் போதிய உடை இல்லையென்றால் எல்லோரும் சேர்ந்தே நனைவார்கள்.

இன்னொரு சிக்கல் மனம் சம்பந்தப்பட்டது. நண்பர்கள் முன்னால் தளர்ச்சியைக் காட்டிக்கொள்ள யாருக்கும் விருப்பமில்லை. "என்னால உங்க ஓட்டம் கெடக் கூடாது" என்று ஒருவர் மென்று விழுங்குவார். "இவ்ளோ தூரம் வந்தாச்சு மச்சான், இன்னும் அஞ்சு கிலோமீட்டர்தான்" என்று இன்னொருவர் உற்சாகப்படுத்துவார். வெயில் நாளில் அந்த உற்சாகம் மருந்து. குளிர் மழையில், நடுங்கிக்கொண்டிருப்பவரிடம் சொல்லும்போது அதுவே நஞ்சாகலாம்.

அனுபவமுள்ள குழுக்கள் இதற்கு எளிய வழி வைத்திருக்கின்றன. முடிவை ஓட்டத்துக்கு நடுவில் எடுப்பதில்லை. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே எடுத்துவிடுகிறார்கள். நிறுத்தலாம் என்று யார் சொன்னாலும் நிறுத்துவது. அதற்குப் பிறகு கேலி கிடையாது, விளக்கம் கேட்பது கிடையாது. மூளை தெளிவாக இருக்கும்போது போட்ட ஒப்பந்தம், மூளை குழம்பும்போது காவலாக நிற்கும்.

நமக்கு எதற்கு இந்தக் குளிர்க் கதை?

ஜனவரியில் சென்னை மாரத்தானுக்கு விடியுமுன்பே கூடுவது குளிருக்காக அல்ல, வெயிலுக்கு முன் முடிப்பதற்காக. சென்னையின் மார்கழியில் 20 டிகிரிக்கே கம்பளிக் குல்லா எடுப்பவர்கள் நாம். ஆனாலும் இது நமக்கு அந்நியக் கதை அல்ல.

லடாக்கின் பாங்காங் ஏரியில், 2023 பிப்ரவரி 20 அன்று, உறைந்த ஏரியின் மீதே 21 கிலோமீட்டர் அரை மாரத்தான் நடந்தது. கடல் மட்டத்திலிருந்து 4,200 மீட்டருக்கு மேல். லுகுங்கிலிருந்து மான் கிராமம் வரை, 75 பேர் ஓடினார்கள். உலகிலேயே மிக உயரத்தில் உறைந்த ஏரியில் நடந்த அரை மாரத்தான் என்று கின்னஸ் பதிவு செய்தது. இமயத்தின் பனி உருகிக்கொண்டிருப்பதை நினைவூட்ட, அதற்குக் 'கடைசி ஓட்டம்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

கனடாவில் டொராண்டோவைச் சுற்றி வாழும் பெருந்திரளான தமிழர்களுக்குப் பக்கத்து நகரமான ஹாமில்டனில் 1894-ல் தொடங்கிய 30 கிலோமீட்டர் ஓட்டம் இருக்கிறது. பாஸ்டன் மாரத்தானைவிட மூன்றாண்டு மூத்தது. நடப்பது மார்ச் இறுதியில் என்பதால், அதற்கான பயிற்சி முழுவதையும் பனிக்காலத்தில்தான் முடிக்கவேண்டும். நம் மாநிலத்திலேயே ஊட்டியில் டிசம்பர், ஜனவரி விடியல்களில் புல்மேல் உறைபனி படிகிறது. வடகிழக்குப் பருவமழை காலத்தில் குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் மழையும் காற்றும் சேர்ந்தடிக்கும். பத்துப் பன்னிரண்டு டிகிரியில் நனைந்தபடி இரண்டு மூன்று மணி நேரம் மலையில் இருந்தால், பியூ ஆராய்ந்த அதே கதை நீலகிரியிலும் நடக்கலாம். சமவெளியிலிருந்து மலை ஓட்டத்துக்குப் போகும் குழுக்கள் தண்ணீர்ப் பாட்டிலை மறப்பதில்லை; மழைச் சட்டையைத்தான் மறக்கிறார்கள்.

புறப்படும் முன் பேசிவைத்துக்கொள்ள...

● பருத்திச் சட்டை வேண்டாம், நனைந்தால் காயாது. உள்ளே வியர்வையை வெளியேற்றும் மெல்லிய சட்டை, மேலே காற்றும் மழையும் புகாத மேலங்கி. கடுங்குளிரென்றால் நடுவில் கம்பளியோ ஃபிளீஸோ.

● தொடக்கக் கோட்டுக்கு உலர்ந்தபடி போய்ச் சேருங்கள். காத்திருக்கும் நேரத்துக்குப் பழைய சட்டையும் பெரிய பிளாஸ்டிக் பையும் போதும். உலர்ந்த கையுறை ஒரு ஜோடியைத் தண்ணீர் புகாத பையில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

● எதிர்க்காற்றில் வரிசையாக ஓடுங்கள். முன்னால் போகும் ஆளைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாற்றுங்கள். மெலிந்தவரும் புதியவரும் பின்னால் இருக்கட்டும்.

● பேசிக்கொண்டே இருங்கள். அடிக்கடி ஒரு கேள்வி கேளுங்கள்: தண்ணீர் தரும் இடம் கடைசியாக எங்கே வந்தது, இப்போது மணி என்ன. தாமதமான, குழறிய பதில் வந்தால் கவனம்.

● வேகத்தைக் குறைப்பதற்கு முன்பே மேலங்கியை மாட்டிக்கொள்ளுங்கள். நடக்க ஆரம்பித்துவிட்டால் நேரம் போய்விடும்.

● ஒருவர் நின்றால் இன்னொருவர் கூட நிற்கவேண்டும். தனியாகத் திரும்பி அனுப்பக் கூடாது.

● முடித்தவுடன் முதலில் ஈர உடையை மாற்றுங்கள். படம் எடுப்பதெல்லாம் பிறகு. நினைவு தெளிவாக இருப்பவருக்குச் சூடான இனிப்புப் பானம் கொடுக்கலாம். மது வேண்டாம். கைகால்களை அழுத்தித் தேய்க்கவும் வேண்டாம். நடுக்கம் நின்று, பேச்சுக் குழறி, தூக்கம் வருகிறது என்று ஒருவர் சொன்னால் உடனே மருத்துவ உதவி தேவை.

நல்ல வானிலையில் நம்மோடு ஓட யார் வேண்டுமானாலும் போதும். கிட்டத்தட்ட நம் வேகம் இருந்தால் சரி. மழைக்கும் குளிருக்கும் ஆள் தேர்ந்தெடுக்கும்போது வேறு இரண்டு கேள்விகள் கேட்கவேண்டும். நான் தடுமாறினால் இவர் கண்டுபிடிப்பாரா? நிறுத்து என்று இவர் சொன்னால் நான் கேட்பேனா? இரண்டுக்கும் 'ஆம்' என்று பதில் வரவேண்டுமானால், அவரோடு முன்பே பல நாள் ஓடியிருக்கவேண்டும். அந்த ஓட்டங்களை இந்த மாதமே தொடங்கிவிடலாம். கெட்ட வானிலை சொல்லிவிட்டு வருவதில்லை.